ஆட்டம் முடிந்த பிறகு

கூடைப்பந்து விளையாட்டாளராக வேண்டும் என்ற கனவு நம் மாணவர்கள் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் என்பிஏ போட்டிகள் அந்தக் கனவை வளர்க்கின்றன. அங்கு விளையாடும் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒரே ஆண்டில் பல மில்லியன் டாலர் சம்பளம் பெறுவதாகப் படிக்கும்போது, அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பணக்கவலையே இராது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணம் சரியா? என்பிஏ ஆட்டக்காரர்கள் இருவரின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாமவர் அந்துவான் வாக்கர். 1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டியில் வாகை சூடிய கெந்தக்கி பல்கலைக்கழக அணியில் அவரும் ஒருவர். அதே ஆண்டு புகழ்பெற்ற பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டுமே பங்கேற்கும் ஆல்ஸ்டார் ஆட்டத்திற்கு அவர் மூன்று முறை தேர்வானார். 2006இல் மயாமி ஹீட் அணியுடன் என்பிஏ வெற்றிக் கிண்ணத்தையும் வென்றார். தம் விளையாட்டு வாழ்க்கையில் அவர் பெற்ற சம்பளம் மட்டும் 108 மில்லியன் டாலருக்கு மேல். 2008இல் அவரது என்பிஏ பயணம் முடிவுக்கு வந்தது. 2010 மே மாதத்தில், தாம் நொடித்துப்போனதாகக் கூறி அவர் நீதிமன்றத்தை நாடினார். அப்போது அவரிடம் இருந்த சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 4.3 மில்லியன் டாலர், கடனோ 12.7 மில்லியன் டாலர். அவருக்கு வயது 33தான்.

இரண்டாமவர் ஜூனியர் பிரிட்ஜ்மன். எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த ஈஸ்ட் சிக்காகோ என்ற ஊரில் 1953இல் பிறந்தவர். லூயிவில் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துப் பட்டம் பெற்றார். 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால், கரீம் அப்துல் ஜப்பார் என்ற மாபெரும் ஆட்டக்காரரைப் பெறுவதற்காக, அவரையும் வேறு சிலரையும் மில்வாக்கி பக்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பிரிட்ஜ்மன் மொத்தம் 12 பருவங்கள் விளையாடினார். பெரும்பாலும், ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்று ஆட்டக்காரராகவே களமிறங்கினார். ஒரு முறைகூட ஆல்ஸ்டார் ஆட்டத்திற்குத் தேர்வாகவில்லை. அவர் பெற்ற மிக உயர்ந்த ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 350,000 டாலர். எல்லாப் பருவங்களையும் கூட்டினாலும் அவரது சம்பளம் 3 மில்லியன் டாலரை எட்டவில்லை. அவர் 2025 மார்ச் மாதம் தமது 71ஆம் வயதில் காலமானார். அந்த ஆண்டு அவரது சொத்து மதிப்பு 1.4 பில்லியன் டாலர் என போர்ப்ஸ் இதழ் கணக்கிட்டிருந்தது.

நூறு மில்லியனுக்கு மேல் ஈட்டியவர் கடனாளியானார். மூன்று மில்லியன்கூட ஈட்டாதவர் பெருஞ்செல்வரானார். இதற்குக் காரணம் என்ன?

ஒருவர் ஊதாரி, மற்றவர் சிக்கனக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால், அது முழு உண்மையாகாது. வாக்கரின் பணத்தில் ஒரு பகுதி ஆடம்பரக் கார்களிலும் சூதாட்டக் கூடங்களிலும் கரைந்தது உண்மைதான். ஆனால், அவர் தாயாருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். உறவினர், நண்பர் எனப் பலரைத் தாங்கினார். பணத்தை முதலீடு செய்யவும் முயன்றார். சிக்காகோ வட்டாரத்தில் வீடுகளிலும் நிலங்களிலும் பெருந்தொகையைப் போட்டார். அந்தத் தொழிலுக்கு வாங்கிய கடன்களுக்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்தும் இட்டார். 2008இல் அமெரிக்காவில் வீட்டுச் சந்தை சரிந்தபோது, கடன்கள் அனைத்தும் அவர் தலையில் விழுந்தன. பிறருக்குக் கொடுத்ததை நான் குறையாகக் கருதவில்லை. தமக்கு முழுமையாகப் புரியாத ஒரு தொழிலில், பிறரை நம்பிக் கையெழுத்திட்டதே அவரைப் பெரிதும் வீழ்த்தியது என்பது என் கருத்து.

பிரிட்ஜ்மன் வேறு வழியில் சென்றார். இன்னும் விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வது என்று அவர் யோசித்தார். வெண்டிஸ் எனப்படும் துரித உணவகத் தொழிலில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. போட்டிகள் இல்லாத மாதங்களில் உணவகத்திற்குச் சென்று வேலை கற்றார். அரங்கில் ஆயிரக்கணக்கானோரின் கைத்தட்டலைப் பெற்ற மனிதர், சமையற்கூடத்திலும் பணம் வாங்கும் முகப்பிலும் நின்றார். 1985 முதல் 1988 வரை என்பிஏ விளையாட்டாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்ததால், ஊதியம், ஒப்பந்தம், உரிமை ஆகியவற்றை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1987இல் ஓய்வு பெற்றபின் சில உணவகங்களுடன் தொழிலைத் தொடங்கினார். காலப்போக்கில் 160க்கு மேற்பட்ட வெண்டிஸ் கிளைகளையும் நூற்றுக்கு மேற்பட்ட சில்லிஸ் கிளைகளையும் நடத்தினார். பிறகு கோகோ கோலா பானத்தைப் புட்டியில் அடைத்து விநியோகிக்கும் தொழிலில் இறங்கினார். 2020இல் எபனி, ஜெட் ஆகிய இதழ்களை வாங்கினார். அவருடைய மூன்று பிள்ளைகளும் குடும்பத் தொழிலில் இணைந்தார்கள். 2024இல், தமக்கு ஒருகாலத்தில் சம்பளம் கொடுத்த அதே மில்வாக்கி அணியின் பத்து விழுக்காட்டுப் பங்கை அவர் வாங்கினார்.

இந்த ஒப்பீடு நியாயமற்றது என்று சிலர் வாதிடலாம். துரித உணவுத் தொழில் வளர்ந்துவந்த காலத்தில் பிரிட்ஜ்மன் அதில் நுழைந்தார். வாக்கரோ பொருளாதார நெருக்கடியில் சிக்கினார். அதிர்ஷ்டத்திற்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நல்ல காலம் வந்தபோது அதைப் பயன்படுத்தும் அறிவு பிரிட்ஜ்மனிடம் இருந்தது. அதை அவர் நேரம் செலவிட்டு, உடல் உழைத்துச் சம்பாதித்தார்.

விளையாட்டாளர் விளையாட்டைத் தவிர வேறெதையும் நினைக்கக்கூடாது, கவனம் சிதறினால் வெற்றி கைநழுவும் என்பது மற்றொரு வாதம். பிரிட்ஜ்மனின் விளையாட்டு வாழ்க்கையே இதற்குப் பதில் சொல்கிறது. மில்வாக்கி அணிக்காக அவர் 711 ஆட்டங்கள் ஆடினார். அந்த எண்ணிக்கை பல பத்தாண்டுகள் அந்த அணியின் சாதனையாக நிலைத்திருந்தது. அவர் அணிந்த 2ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, அணி அவரைச் சிறப்பித்தது. உணவகத்தில் தொழில் கற்றது அவரது ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் பழமொழி. கிடைக்கும்போதே சேர்த்துக்கொள் என்றுதான் பலரும் இதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால், காற்று வீசினால் மட்டும் களஞ்சியம் நிறைந்துவிடாது. முறத்தைப் பிடித்துத் தூற்றத் தெரிய வேண்டும்; நெல் எது, பதர் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இருவருக்குமே காற்று வீசியது. வாக்கருக்கு வீசியது பெருங்காற்று. தூற்றக் கற்றிருந்தவர் பிரிட்ஜ்மன்.

வாக்கரின் கதை திவாலோடு முடிந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் அவர் கடன் சுமையிலிருந்து மீண்டார். தமக்கு நேர்ந்ததை மறைக்காமல், இளம் விளையாட்டாளர்களிடம் பண நிர்வாகத்தைப் பற்றிப் பேசிவருகிறார். தம் தோல்வியைப் பிறருக்குப் பாடமாக்க அவர் முன்வந்தது பாராட்டத்தக்கது. அந்தப் பாடம் அவருக்கே இருபது வயதில் கிடைத்திருந்தால், எவ்வளவோ இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே, விளையாட்டுத் துறையில் சிறக்க விரும்பும் மாணவர்களுக்குப் பந்தைக் கையாள்வதோடு, ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வரவு செலவைக் கணக்கெழுதவும் நாம் பயிற்சி அளிக்க வேண்டும். அது பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைய வேண்டும். முப்பத்தைந்து வயதில் உடல் தளர்ந்து ஆட்டம் நின்றுபோகலாம். அதன்பின் இன்னும் நாற்பது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் என்பிஏ அரங்கில் கால்வைக்கப் போவதில்லை. எனினும், பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து முதல் சம்பளத்தை வாங்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று கையில் வரும் தொகை சிறியதாக இருக்கலாம். அதை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் கடைக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்ஜ்மனும் அப்படித்தான் ஓர் உணவகத்தின் முகப்பில் நின்று தொடங்கினார்.