ஸ்ட்ரைக்கர் உடைந்தால் எங்கே போவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான். கட்டுமாவடி வட்டாரத்தில் பெற்றோர் கையில் காசு சுருங்கி, பிள்ளைகள் கையில் நேரம் பெருகும் காலம் அது. அந்த நேரத்தைக் கைப்பேசி விழுங்குகிறதே என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். கேரம் போர்டும் பந்தும் மட்டையும் விற்கும் கடை நம் பக்கத்தில் நிலைக்க என்ன செய்கிறோம் என்று பேசுவதில்லை.

போர்டு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கலாம். ஸ்ட்ரைக்கர் உடைந்தால், பவுடர் தீர்ந்தால், வலை கிழிந்தால் அன்று மாலையே வேண்டும். அதற்கு அறந்தாங்கியிலோ பேராவூரணியிலோ ஒரு கடை திறந்திருக்க வேண்டும். பெரிய சாமானை வெளியே வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு மட்டும் அங்கே போனால் கடைக்காரர் எதை வைத்து வாடகை கட்டுவார்?

அதற்காகக் கடன்பட்டு வாங்கச் சொல்லவில்லை. அரிசிக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் பிறகுதான் விளையாட்டு. மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் ஒரு சிறு தொகையை இதற்கென எடுத்துவைத்தால், தடைக்காலத்தில் கையைக் கடிக்காது. ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரு போர்டு வாங்கினால் போதும். பொதுவில் ஆடுவதில் குறைவொன்றும் இல்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். குடியிருப்புப் பகுதியின் கேரம் மையத்தில் பழகியவர்.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. கேரம், செஸ் போர்டுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவு விலையில் தெரிய வேண்டும். காய்களைச் சில்லறையாகவும் தர வேண்டும். மட்டைக்கு நரம்பு மாற்றிக் கொடுக்கவும் வேண்டும். ஊர் அவரைத் தேடி வருவது அதற்காகத்தான்.

ஊராட்சிக்கும் பங்கு இருக்கிறது. 2024-இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கானது. அப்படி வந்த பந்து கிழிந்த பின் அடுத்த பந்துக்கு யார் பொறுப்பு, அதை எந்தக் கடையில் வாங்குவது? மே 1 கிராம சபை தடைக்காலத்தின் நடுவில்தான் கூடுகிறது. அன்று பெற்றோர் நான்கு பேர் எழுந்து இதைக் கேட்டு, தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.