ஓடையை மூடிய கதை

நான் லாசால்வாசி. பக்கத்தில், மெடோபுரூக் கோல்ஃப் திடலில், மொன்றியலின் சென்-பியர் ஆறு கடைசியாகச் சுமார் 200 மீட்டர் வெளிச்சத்தில் ஓடியது. மற்றதெல்லாம் எப்போதோ நிலத்தடிக் குழாய்களுக்குள் போய்விட்டது. மேட்டிலுள்ள சில வீடுகளின் கழிவுக்குழாய்களை மழைநீர்க் குழாயில் தவறாகப் பொருத்தியதால் ஓடை நாறியது. மாசுநீர் திடலுக்குள் வருவதை நிறுத்தும்படி 2018இல் நீதிமன்றம் சொன்னது. மாநகரம் 2022இல் நீரையே திருப்பிவிட்டது, ஓடை செத்தது. பிழையைத் திருத்தாமல் எச்சரிக்கை விளக்கை அணைக்கும் வேலை இது. என் கணினித் தொழிலில் இப்படிச் செய்தால் வேலை போகும்.

வழுக்கையாற்றுக்காக இங்கிருந்து கவிதை எழுதுகிறோம். இந்த ஓடைக்கு ஒரு வரி எழுதினோமா? நம் வீட்டுக் குழாய் எங்கே சேர்கிறதென்றாவது கேட்டோமா? வரி கட்டும் ஊரும் நம் ஊர்தான்.