விமானம் ஏறினால்தான் யதீம் கண்ணுக்குத் தெரிவானா?

2024 ஜூலை மாதத் தொடக்கம். எங்கள் பகுதித் தோல் வியாபாரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். "ஹஜ்ரத், பிள்ளைங்களுக்கு லீவு சொல்லிட்டுக் குடும்பத்தோட டாக்கா போறோம். அங்கே ஒரு யதீம்கானாவில் பத்து நாள் தங்கி, அந்தப் பிள்ளைங்களோட சாப்பிட்டு, துணிமணி கொடுத்துட்டு வரலாம்னு நிய்யத். துஆ செய்யுங்க" என்றார்.

"துஆ செய்கிறேன் பாய். ஆனால் இந்தப் பயணம் வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மதரஸாவில் ஓதிய ஒருவன் நன்மையான காரியத்தைத் தடுக்கிறானே என்று நினைத்திருப்பார்.

அந்த மாதமே வங்கதேசம் பற்றி எரிந்தது. அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இணையம் துண்டிக்கப்பட்டது. ஊரடங்கு போடப்பட்டது. அங்கே படித்துக் கொண்டிருந்த நம் நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டே வெளியேறினார். நம் வியாபாரியின் டிக்கெட் ரத்தானது. மறுபடி வந்தார். "கலவரம் வரும்னு உங்களுக்கு முன்பே தெரியுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

மறைவான ஞானம் எனக்கு ஏது? கலவரமே வராமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். ஏன் என்பதை இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் தெரிந்து கொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஹைட்டியில் நடந்தது

2021 அக்டோபர் 16. ஹைட்டி நாட்டில் ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்த 17 பேரை ஆயுதக் கும்பல் ஒன்று கடத்தியது. 16 பேர் அமெரிக்கர்கள், ஒருவர் கனடாக்காரர். ஒஹையோ மாநிலத்துக் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஒன்று எட்டு மாதக் கைக்குழந்தை! தலைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டது கும்பல். ஐந்து பேரை இடையில் விடுவித்தார்கள். மீதிப் பன்னிரண்டு பேரும் டிசம்பர் நடுவில் ஓர் இரவில் தப்பி, முள்ளிலும் புதரிலும் நடந்து உயிர் பிழைத்தார்கள்.

அந்த நாட்டின் நிலைமை அவர்களுக்குத் தெரியாததல்ல. அதே ஆண்டு ஜூலை 7-ல் ஜனாதிபதி மோயிஸ் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14-ல் பூகம்பம் வந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சாலைகள் கும்பல்களின் கையில் இருந்தன.

"மிஷனரிகள்தானே, நன்றாக வேண்டும்" என்று நம்மில் எவராவது சொன்னால் அவர் தம் ஈமானைப் பரிசோதித்துக் கொள்ளட்டும். எட்டு மாதக் குழந்தை என்ன குற்றம் செய்தது? போனவர்களின் எண்ணத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் அதே ஆண்டில் நூற்றுக்கணக்கான ஹைட்டியர்களும் கடத்தப்பட்டார்களே, அவர்களில் ஒருவர் பெயராவது நம் காதில் விழுந்ததா? விருந்தாளிக்கு ஆபத்து வந்தால் உலகமே துடிக்கிறது. வீட்டுக்காரன் செத்தால் செய்தி கூட இல்லை!

யார் அநாதை?

அதே ஹைட்டியில் 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தது. அம்மாத இறுதியில் பத்து அமெரிக்கர்கள் 33 குழந்தைகளை அநாதைகள் என்று சொல்லிப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டு போக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். விசாரித்தால், அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்! பிள்ளையாவது நன்றாக இருக்கட்டும் என்று வறுமையில் கையளித்தவர்கள்.

நேபாளத்தைப் பாருங்கள். 1996 முதல் 2006 வரை அங்கே மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர். மலைக் கிராமங்களுக்குத் தரகர்கள் போனார்கள். "காட்மாண்டில் படிக்க வைக்கிறோம்" என்று பணமும் வாங்கிக் கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். தாய் தகப்பன் உள்ள அந்தப் பிள்ளைகள் அநாதை இல்லங்களில் வெளிநாட்டு விருந்தாளிகள் முன் நிறுத்தப்பட்டார்கள். வருகிறவர்களின் கண்ணீர் காசாகும் என்று கண்டுகொண்டவன், அநாதை இல்லாவிட்டால் அநாதையை உண்டாக்கி விடுகிறான். அதனால்தான் 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் இயற்றியபோது, அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்தது.

நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் கேரளத்து முஸ்லிம் அநாதை நிலையங்களுக்கு வந்தவர்கள். உடனே கடத்தல் என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையைச் சமுதாயம் கண்டித்தது, நியாயம். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. சோற்றுக்கும் படிப்புக்கும் ஒரு பிள்ளை தாயை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஏன் வர வேண்டும்? அந்தச் சோறு ஏன் அந்தத் தாயின் குடிசைக்குப் போகக் கூடாது?

நம் தலைக்கு மேலே ஒரு மலை

வாணியம்பாடியில் பஸ் ஏறி ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலை. காவலூரில் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மலையின் பிள்ளைகளைப் பார்க்கத்தான் நமக்குக் கண் இல்லை.

2015 ஏப்ரல் 7. திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. இருபது பேரும் தமிழகத்துக் கூலிகள். திருவண்ணாமலை, தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் மலைவாழ் மக்கள், அடிவாரத்து ஏழைகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்.

அந்த இருபது பேரோடு கதை முடியவில்லை. செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் அடைபட்ட தமிழர்கள் நூற்றுக்கணக்கில். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் பிணங்கள் மிதந்தன. மானாவாரிச் சாமையை நம்பி வருடம் முழுவதும் சாப்பிட முடியாதவனைத் தரகன் அட்வான்ஸ் காட்டி அழைத்துப் போகிறான். கோடிகளை எவனோ எடுத்துக் கொள்கிறான். குண்டையும் சிறையையும் கூலிக்காரன் வாங்கிக் கொள்கிறான். அவன் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் அநாதைகள் இல்லை. தகப்பன் சிறையில், தாய் செங்கல் சூளையில், பாட்டியிடம் பிள்ளை. இவன் யதீமை விட எந்த வகையில் குறைந்தவன்?

தோல் வியாபாரிகளே! குரோம் வருவதற்கு முன் நம் பெரியவர்களின் தோல் ஷாப்புகளில் தோலைப் பதனிட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடுக்காய் இதுபோன்ற மலைகளில் ஏழைப் பெண்கள் பொறுக்கிச் சுமந்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

"உம்மத்து உலகமெல்லாம் பரந்ததல்லவா? காஸாவின் பிள்ளைகளை மறந்து விடுவதா?" என்று கேட்பீர்கள். மறக்கச் சொல்லவில்லை. கொடுங்கள், அள்ளிக் கொடுங்கள். அங்கேயே இருந்து உழைக்கும் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் அது போய்ச் சேரட்டும். நீங்கள் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்து வருவதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைக் கஞ்சி கூடுவதில்லை. பத்து நாள் மடியில் உட்கார்ந்த குழந்தை பதினோராம் நாள் வாசலைப் பார்த்து நிற்பதுதான் மிச்சம். டிக்கெட் பணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

இளைஞர்களே! தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளை தாயிடமே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேளுங்கள். மலைமேல் இருக்கும் விதவைக்கு அந்த மனுவை யார் எழுதித் தருவது? சாதிச் சான்றிதழுக்கு யார் அலைவது? சிறையில் இருப்பவனுக்கு ஜாமீன் வக்கீலை யார் பிடிப்பது? இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.

வணிகர்களே! ஷூ கம்பெனி வேன் அடிவாரம் வரை போகட்டும், தாய்க்கு வேலை கிடைக்கும். சாமையையும் புளியையும் தேனையும் நியாய விலைக்கு வாங்குங்கள், தகப்பன் ஆந்திரக் காட்டுக்குப் போக மாட்டான்.

ஒரு நிபந்தனை, பிரச்சாரகனாகிய நானே சொல்கிறேன். மலைக்குப் போகும்போது துண்டுப் பிரசுரம் எடுத்துப் போகாதீர்கள். பசித்தவன் முன்னால் சோற்றையும் மார்க்கத்தையும் ஒரே தட்டில் வைப்பது பிரச்சாரம் அல்ல, பேரம். மற்றவர் செய்தால் குற்றம் என்கிறோமே, நாம் செய்தால் மட்டும் தொண்டாகி விடுமா?

அந்த வியாபாரி இப்போது மாதம் ஒருமுறை மலை ஏறுகிறார். இரண்டு குடும்பங்களின் பொறுப்பை எடுத்திருக்கிறார். வீட்டுச் சுவரில் படம் எதுவும் மாட்டவில்லை. "பெயரைப் போட்டுடாதீங்க ஹஜ்ரத்" என்றார். போடவில்லை. ஆனால் சமுதாயமே, அவர் ஒருவர் போதுமா? சிந்திப்பீர்!