சாப்பிங்கோவின் சுவர்கள்

பல்கலைக்கழகக் கட்டடம் கட்டும்போது செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டமே போட்டிருக்கின்றன. ஹவாய் 1967இல் ஒரு சதவீதம் என்றது. வாஷிங்டன் மாநிலம் 1974இல் அரை சதவீதம் என்றது. பணத்துக்கு வழி பிறந்துவிட்டது. எதைச் செய்யச் சொல்வது என்பதைத்தான் சட்டத்தால் சொல்ல முடியாது. தேர்வுக்குழு கூடினால், யார் மனமும் கோணாத ஒன்றே பெரும்பாலும் தேறும். வேளாண் கட்டடம் என்றால் வாசலில் ஓர் உலோகக் கதிர், அல்லது விதை முளைப்பதுபோல் ஒரு வளைவு. அதில் பிழையில்லை, பயனும் இல்லை. மகசூலைப் பற்றி வகுப்பறையே நாள் முழுக்கப் பேசுகிறது. நிலம் யாருடையது, விளைச்சல் யாருக்குப் போகிறது என்பதை அது அவ்வளவாகப் பேசுவதில்லை. கலைஞரிடம் கொடுக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

மெக்சிகோவில் இது நடந்தது. தேசிய வேளாண் பள்ளி தலைநகரிலிருந்து சாப்பிங்கோவுக்கு இடம் பெயர்ந்தபோது, அதற்குக் கிடைத்தது முன்னாள் அதிபர் ஒருவரின் பெரும்பண்ணை. அங்கே சுவரோவியம் தீட்ட டியேகோ ரிவேராவை அழைத்தவர்களில் முக்கியமானவர் பள்ளியின் இளம் இயக்குநர் மார்த்தே கோமஸ். அவர் ஓவியம் தெரிந்த அதிகாரி மட்டுமல்ல. மாணவராக இருந்தபோதே, 1915இல், விவசாயப் புரட்சித் தலைவர் சபாட்டாவின் ஆட்கள் ஆண்ட மொரேலோஸ் மாநிலத்தில் கிராமங்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் குழுவில் வேலை பார்த்தவர். தமக்கு என்ன ஓவியம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1924இல் நிர்வாகக் கட்டடத்தில் தொடங்கிய வேலை, பண்ணையின் பழைய சிற்றாலயத்தில் 1927இல் முடிந்தது. ஆலயத்தின் ஒரு பக்கம் மண் முளைவிட்டுப் பூத்துக் காய்க்கிறது. எதிர்ப்பக்கம் கிளர்ச்சி கருவுற்றுப் புரட்சியாகிறது. சோளப் பயிருக்கு அடியில், சிவப்புத் துணி சுற்றிய சபாட்டாவும் அவருடைய தோழர் மொந்தான்யோவும் உரமாகக் கிடக்கிறார்கள். இங்கே கற்றுத் தருவது நிலத்தைச் சுரண்டத்தான், மனிதனைச் சுரண்ட அல்ல என்ற பொருளில் ஒரு வாசகமும் உண்டு. நிலம் அளக்கப் போகிற மாணவனுக்கு இதைவிட நேரடியான பாடம் கிடையாது.

அரசு காசில் கட்சிப் பிரசாரம்தானே என்பார்கள். ஓரளவு உண்மை. ஆலயத்தில் அரிவாளும் சுத்தியலும் இருக்கின்றன. 1919இல் சபாட்டாவைச் சூழ்ச்சியால் கொன்றது கரன்சாவின் அரசு. ஒரு காலத்தில் அந்த அணியின் தளபதியாக இருந்த ஒப்ரெகோனின் ஆட்சிதான் சபாட்டாவைச் சுவரில் ஏற்றத் தொடங்கியது. தியாகியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் அரசியல் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் புகழ்ச்சியை வாங்கியதாக நினைத்த அரசு, தன்னை அளந்து பார்க்கும் கோலையும் சேர்த்தே வாங்கிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஓவியத்தால் என்ன மாறியது? அதே கோமஸ் 1940 முதல் 1946 வரை வேளாண் அமைச்சர். அவர் காலத்தில், 1943இல், ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுத் திட்டம் மெக்சிகோவுக்கு வந்தது. மறு ஆண்டு கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் வந்தார். சாப்பிங்கோவிலும் அவருடைய சோதனை வயல்கள் இருந்தன. அங்கே தொடங்கிய கோதுமை ஆய்விலிருந்துதான், 1966இல் இந்தியா பதினெட்டாயிரம் டன் விதையாக இறக்குமதி செய்த குட்டை ரகங்கள் பிறந்தன. பட்டினிப் பயம் குறைந்தது. மெக்சிகோவில் அந்தக் கோதுமையால் கொழித்தவை பெரும்பாலும் சொனோராவின் பாசனம் பெற்ற பெரிய பண்ணைகள். மானாவாரிச் சோளக்காரனுக்குக் கிடைத்தது சொற்பம். சுவர் இதைத் தடுக்கவில்லை என்பது சரி. தடுக்கும் வேலை சட்டத்துக்கும் சங்கத்துக்கும் உரியது. ஆனால் இந்தக் கணக்கைக் கேட்பதற்கான வார்த்தைகளை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டிய நிலை சாப்பிங்கோ மாணவனுக்கு இல்லை. அவனுடைய பள்ளிச் சுவரிலேயே அவை இருந்தன.

கலைக்கு ஒதுக்கும் பணத்துக்கு ஆய்வகக் கருவி வாங்கலாமே என்பவர்களுக்கு: அரை சதவீதம் போக மீதித் தொண்ணூற்றொன்பதரை உங்களிடமே இருக்கிறது. தேர்வுக்குழுவில் மண்ணியல் பேராசிரியருக்குப் பக்கத்தில் ஒரு குத்தகை விவசாயியையும் உட்காரவைக்க அதிலிருந்து ஒரு காசும் எடுக்க வேண்டியதில்லை.