கயிற்றின் மறுமுனையில்

காற்றடைத்த ரப்பர் டியூபுக்குச் சுக்கான் கிடையாது, பிரேக்கும் கிடையாது. விசைப்படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்படும்போது, அதன்மேல் படுத்திருப்பவர் செய்யக்கூடியதெல்லாம் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கத்துவதுதான். அந்தக் கத்தலுக்காகத்தான் காசு கொடுக்கிறோம். கோவா, மால்வண் கடற்கரைகளில் வாழைப்பழ வடிவப் படகில் வரிசையாக உட்கார்ந்து நனைந்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும்.

நீர்ச்சறுக்கு வீரர் கால் பலகையால் தன் திசையை ஓரளவு மாற்றிக்கொள்ள முடியும். டியூபில் இருப்பவரால் அது முடியாது. படகு நேராகப் போகும்வரை சிக்கல் இல்லை, வளைவில்தான் வினை. படகு சிறிய வட்டம் அடிக்கும், டியூப் அதற்கு வெளியே பெரிய வட்டம் அடிக்கும். கவணில் வைத்த கல்லைப்போல. படகு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால், டியூப் அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் பாயும். அங்கே கரையோ, தூணோ, இன்னொரு படகோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றில் எழும்பிப் பறக்கும்படி செய்த ஒரு வகை டியூப், மரணங்களுக்குப் பின் 2006இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

செகந்திராபாத்துக்கு வருவோம். ஊரிலிருந்து வரும் உறவினரை இங்குள்ளவர்கள் அழைத்துப் போகும் இடங்களில் ஒன்று ஹுசேன் சாகர். 16ஆம் நூற்றாண்டில் இப்ராகிம் குலி குதுப் ஷா காலத்தில் வெட்டப்பட்ட ஏரி. விசைப்படகுச் சவாரி உண்டு, பாய்மரப் படகுப் போட்டிகளும் உண்டு. அலையில்லாத இந்த நீரைப் பார்த்தால் டியூப் கட்டி இழுக்க இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும்.

ஆனால் ஏரி சாதுவல்ல. 1990 மார்ச் 10 அன்று, சுமார் 18 மீட்டர் உயர ஒற்றைக்கல் புத்தரை ஏற்றிச் சென்ற மிதவை இங்கே கவிழ்ந்தது. உடன் சென்றவர்களில் பலர் மாண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்த சிலை 1992 டிசம்பரில்தான் நிமிர்ந்தது. 2025 குடியரசு தின இரவில் வாணவேடிக்கைக்குப் பட்டாசு ஏற்றிய படகுகள் இதே நீரில் எரிந்தன. போதாக்குறைக்கு, நகரத்துக் கால்வாய்கள் பல பத்தாண்டுகளாகக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிய நீர் இது. டியூபிலிருந்து குப்புற விழுகிறவர் இரண்டு மடக்கு விழுங்காமல் எழுவது கடினம்.

பாய்மரப் படகுப் போட்டிக்கு மீட்புப் படகு கூடவே போகிறது. உல்லாசச் சவாரிக்கோ பெரும்பாலும் கடவுள்தான் துணை. தேக்கடியில் 2009இல் 45 பேரும், கேரளத்தின் தானூரில் 2023இல் 22 பேரும் உல்லாசப் படகுகளில்தான் போனார்கள். 2021இன் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு என்று படகைக் கவனிக்கிறது. படகுக்குப் பின்னால் கயிற்றின் நுனியில் போகிறவரைக் கவனிப்பது யார்?

கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதே இந்த விளையாட்டின் முதல் விதி. ஓட்டுநரின் கண் முன்னால் இருக்கவேண்டும்; ஆகவே பின்னோக்கி உட்கார்ந்து டியூபை மட்டுமே பார்க்க இரண்டாவது ஆள் தேவை. இரைச்சலில் குரல் எடுபடாது. 'மெதுவாக', 'நிறுத்து' என்பவற்றுக்குக் கை சைகைகளைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கயிறு 15 முதல் 20 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். டியூபில் எத்தனை பேரோ அதற்கேற்ற உறுதியும் வேண்டும். கடையில் வாங்கிய ஏதோ ஒரு நைலான் கயிறு போதாது. அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். குழந்தைகள் ஏறினால் வேகம் பாதியாக வேண்டும். உயிர்காப்பு அங்கி அவரவர் அளவில், வார் பூட்டி இருக்கவேண்டும். விழுந்தவரை ஏற்றும்போது இன்ஜினை அணைத்தே தீரவேண்டும். தண்ணீருக்குள் சுழலும் விசிறிக்கு மனிதக் கால் தெரியாது.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. பின்னோக்கி உட்காரும் அந்த இரண்டாவது ஆளுக்கு ஒரு சம்பளம், அவ்வளவே. படகுத்துறையில் டிக்கெட் வாங்குமுன் அந்த ஆள் எங்கே என்று கேளுங்கள். கையைக் காட்ட ஆளில்லை என்றால், குழந்தைக்குக் கரையிலேயே வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுவது உத்தமம்.