போற தேதியை யார் எழுதி வைக்கிறது?

மேட்டுப்பாளையத்துல காலையில ஏழே காலுக்கு காலேஜ் பஸ்ஸுக்காக நிக்கிறவங்களுக்கு அந்த மாதிரி இடம் நல்லாவே தெரியும். ட்ரக் டெர்மினல் பக்கம் லாரி சத்தம், டீக்கடை, அதுக்குப் பின்னாடி கம்பி வேலி போட்ட ஒரு காலி மனை. உள்ள சீமைக்கருவேலம், எருக்கு, கொஞ்சம் குப்பை. ரெண்டாம் வருஷம் படிக்கும்போது அந்த வேலிக் கம்பியில தினமும் ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். மைனாவை விடச் சின்னது. பழுப்பு முதுகு, கண்ணு மேல திருடன் மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. டக்குனு கீழ இறங்கி ஒரு வெட்டுக்கிளியைப் பிடிச்சுட்டு அதே கம்பிக்கு வந்துடும்.

பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, நம்ம ஊருக்குக் குளிர்காலம் கழிக்க வர்ற பறவை. நான் அதை முதல்ல பார்த்தது செப்டம்பர் கடைசியில. அந்தத் தேதியை நோட்டுல எழுதியும் வச்சேன். அது கிளம்பின தேதி? எழுதல. இன்டர்னல்ஸ், ரெக்கார்டு, அப்புறம் செமஸ்டர். ஒருநாள் கம்பி காலியா இருந்துச்சு. எந்த நாள்லேர்ந்து காலின்னு எனக்கே தெரியாது.

லீவு முடிஞ்சு ஜூன்ல வந்தப்போ மனை சுத்தமா இருந்துச்சு. ஜேசிபி விட்டு சமம் பண்ணிட்டாங்க. செப்டம்பர் கடைசியில ஒரு பழுப்புக் கீச்சான் புதுசா கட்டின காம்பவுண்டு சுவர் மேல ரெண்டு நாள் உட்கார்ந்திருந்துச்சு. மூணாம் நாள் இல்ல. அதே பறவைதானான்னு காலில் வளையம் போடாம சொல்ல முடியாது. ஆனா பழுப்புக் கீச்சான்கள் வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வர்ற பழக்கம் உள்ளவை.

மனை ஒருத்தரோட சொந்தச் சொத்து, அவர் கட்டுறாரு. அதைத் தப்புன்னு சொல்ல நான் வரல. என் கேள்வி வேற. அந்த இடத்துல ஏழு மாசம் ஒரு பறவை பிழைச்சுதுங்கறதுக்கு என்ன சாட்சி இருக்கு? என் நோட்டுல ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க பறவை பார்க்கிறதே இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. பொங்கல் நாலு நாளும் தமிழ் பேசுற ஊரெல்லாம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. பிப்ரவரியில உலக அளவிலான கணக்கெடுப்பு வருது, அதோட சேர்த்து கல்லூரி வளாகங்களுக்குன்னே தனியா ஒண்ணு. டிசம்பர்ல கேமராவைத் தூக்கிட்டு ஊசுடு ஏரிக்குப் போறவங்களும் நிறைய. கூழைக்கடா கிடைச்சா ஸ்டேட்டஸ், ஊசிவால் வாத்து கிடைச்சா ரீல்ஸ். மாசி மகம் முடிஞ்சதும் எல்லாரும் கடையைச் சாத்திடுறோம். "அதான் எல்லாம் போயிடுச்சே மச்சி, இனிமே என்ன இருக்கு பார்க்க?"

அந்தப் "போயிடுச்சே"தான் மச்சி நாம பார்க்க வேண்டியது.

வெளிநாட்டுப் புத்தகத்துல இதை வசந்த கால வலசைன்னு எழுதுவாங்க. பூ பூக்கும், பறவை வரும், மக்கள் சந்தோஷப்படுவாங்க. நமக்குக் கதை தலைகீழ். அவங்க ஊருக்கு வசந்தம் வரணும்னா நம்ம ஊர்லேர்ந்து பறவை கிளம்பணும். மாசி, பங்குனி, சித்திரை, இந்த மூணு மாசத்துல பாண்டியைச் சுத்தி நடக்கிறது அதுதான். பகல் நீளமாக நீளமாக பறவையோட உடம்புக்குள்ள மாற்றம் ஆரம்பிக்கும். நிறைய தின்னு கொழுப்பு சேர்த்துக்கும். நாணல் கதிர்க்குருவின்னு ஒண்ணு, கேன்டீனுக்குப் பின்னாடி புதருக்குள்ள "டக், டக்"னு நாக்கைத் தட்டுற மாதிரி சத்தம் போடுமே, அதோட எடை பத்துப் பன்னெண்டு கிராம். ரெண்டு ஏ4 தாள் எடை. அது அந்தப் புதர்ல பூச்சி தின்னு சேர்த்த கொழுப்பை வச்சுத்தான் வடக்கே ரஷ்யா வரைக்கும் கூடப் போகுது. அதுவும் பெரும்பாலும் ராத்திரியில பறந்து. அப்போ அந்தப் புதர் அதுக்குப் பெட்ரோல் பங்க்.

ஊசுடு ஏரியும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்துலேர்ந்து வழுதாவூர் ரோட்டுல மேற்கே சைக்கிள்லயே போயிடலாம். வெயில் ஏற ஏற தண்ணி இறங்கி ஓரத்துல சேறு தெரியும். "ஏரி வத்திடுச்சு, ஒண்ணும் இல்ல"ன்னு நாம வண்டியைத் திருப்புற அந்தச் சேத்துலதான் உள்ளான்கள் கடைசிச் சாப்பாடு சாப்பிடும். நீலச்சிறகு வாத்து, தட்டைவாயன் எல்லாம் கூட்டமா சேர்ந்து, ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கடைசி நாள் எதுன்னு யாராவது தொடர்ந்து போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல மனை சமம் பண்றது, ஏரி ஓரத்தைத் தூர்க்கிறது, காம்பஸ் புதரை வெட்டுறது எல்லாமே பெரும்பாலும் கோடையிலதான் நடக்குது. மழை இல்ல, மண்ணு காஞ்சிருக்கு, மாணவர்களும் லீவுல. வலசைப் பறவையும் ஊர்ல இல்ல. அந்த நேரத்துல யார் வந்து பார்த்தாலும் அது வெறும் காலி இடம்தான். "இங்க என்ன பறவை இருக்கு?"ன்னு கேட்டா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. பதிவு மட்டும்தான் அப்போ பேச முடியும். ஏப்ரல் 20 வரைக்கும் இந்த இடத்துல இத்தனை பறவை இருந்துச்சு, செப்டம்பர்ல திரும்ப வரும்னு ஒரு தாள் சொல்லணும்.

ஊசுடுக்கு அந்தத் தாள் இருக்கு. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது, பின்னாடி தமிழ்நாடும் தன் பக்கத்தை அறிவிச்சது. மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டை ஓரத்துக்கு எந்த போர்டும் கிடையாது, வரப்போறதும் இல்ல. ஆனா கீச்சானும் கதிர்க்குருவியும் போர்டு பார்த்து இறங்குறதில்லையே.

"நாலு பேரு லிஸ்ட் போட்டா என்ன மாறிடப் போகுது"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. லிஸ்ட் போய் ஜேசிபி முன்னாடி படுத்துக்காது. ஆனா 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்க. 30,000-க்கும் மேல பறவை பார்க்கிறவங்க போட்ட சுமார் 3 கோடி பதிவுகள்லேர்ந்து அதை உருவாக்கினாங்க. அதுல பெரும்பாலானவங்க விஞ்ஞானிகள் இல்ல. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிஞ்சது 338 இனங்களுக்கு. அதுல 204 இனங்கள் குறைஞ்சிருக்கு. தூர தேசத்துலேர்ந்து வர்ற வலசைப் பறவைகள் பாதிக்கும் மேல சரிஞ்சிருக்கு. இது நாலு பேரு, நாலு பேரா போட்ட லிஸ்ட்தான்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. சென்சார் டேட்டா பாதியில நின்னுட்டா லேப்ல என்ன சொல்லுவாங்க? சிக்னல் எப்போ ஏறுச்சுன்னு இருக்கு, எப்போ இறங்குச்சுன்னு இல்ல, இந்த கிராஃப் செல்லாதுன்னுதானே? இங்கயும் அதேதான். இன்னொண்ணும் முக்கியம்: பூஜ்யமும் ஒரு ரீடிங். பறவை இல்லாத நாளையும் "இன்னைக்குப் பார்த்தேன், இல்ல"ன்னு பதிஞ்சாத்தான் கடைசித் தேதிக்கு மதிப்பு. போகாம விட்ட நாளும் இல்லாத நாளும் ஒண்ணு இல்ல.

இதுக்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேணாம். இ-பேர்ட் ஆப் இலவசம். பேர் தெரியலன்னா ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதின 'பறவைகள்: அறிமுகக் கையேடு' இருக்கு. பஸ்ஸுக்கு நிக்கிற அந்தப் பதினஞ்சு நிமிஷம், ஒரே இடம், ஒரே நேரம், பார்த்த எல்லாத்தையும், காக்கா புறா உட்பட, எழுதணும். பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் கடைசி வரைக்கும். பரீட்சைன்னா வாரம் ரெண்டு நாள் போதும், நாலு பேரு முறை வச்சுக்கலாம். சத்தத்தை வச்சு ஆப் சொல்ற பேரை அப்படியே போட்டுடாதீங்க, கண்ணால பார்த்து உறுதி பண்ணுங்க. உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டுற நேரமும் இதுதான், கூட்டுக்குக் கிட்டப் போய் போட்டோ எடுத்து லொகேஷன் போடுறது வேணவே வேணாம்.

காம்பஸ் விஷயத்துல ஒரு கோரிக்கை. சீமைக்கருவேலத்தைப் பிடுங்கட்டும், அது பிடுங்க வேண்டியதுதான். ஆனா வேலியோரப் புதரை மொத்தமா வழிக்கிறதுக்கு முன்னாடி எங்க லிஸ்ட்டை ஒரு தடவை பாருங்க. வெட்டின இடத்துல செப்டம்பருக்குள்ள நம்ம ஊர்ச் செடி நாலு நடுங்க. நாங்களே தண்ணி ஊத்துறோம்.

உலக வலசைப் பறவைகள் தினம் மே மாசம் இரண்டாவது சனிக்கிழமை வருது. அன்னைக்குப் போஸ்டர் போட்டி வைக்கிறது நல்லதுதான். ஆனா நம்ம ஊர் விருந்தாளிங்க அதுக்குள்ள பெரும்பாலும் கிளம்பியிருப்பாங்க. வீட்டுக்கு வந்தவங்க சொல்லிக்காம போனா நாம வருத்தப்படுவோம். இவங்க மூணு மாசமா சொல்லிட்டேதான் போறாங்க. நாமதான் வாசலுக்கு வர்றதில்ல.

இந்த வருஷம் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, வேற ஒரு வேலியில, ஒரு கீச்சான் இருக்கு. நேத்து காலை வரைக்கும் இருந்துச்சு. எழுதி வச்சிருக்கேன்.