வீட்டிலேயே போட்டோ பிரிண்ட்: காசு போறது இங்க்ல இல்ல, செட்டிங்ல



மாசி மகத்துக்கு திருவேட்டக்குடி கடற்கரையில எடுத்த ஒரு குடும்பப் படம். போன்ல பாத்தா பாட்டியோட மாநிறம் அப்படியே இருக்கு. வீட்டு பிரிண்டர்ல போட்டேன், முகம் செங்கல் நிறத்துல வந்துச்சு. ரெண்டாவது தடவை பச்சை அடிச்சுது. மூணாவது ஒரே இருட்டு, பாட்டி சிரிக்கிறதே தெரியல. மூணு தாளும் குப்பைக்குப் போச்சு. மறுநாள் காரைக்கால் போய் ஒரு ஸ்டுடியோவுல காசு கொடுத்துப் போட்டுட்டு வந்தேன். தப்பு பிரிண்டர் மேல இல்ல, என் மேலதான். அதை அப்புறம் சொல்றேன்.

பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இது எதுக்குன்னு கேக்கலாம். பிரிண்டர் வாங்கும்போது நாம எல்லாரும் "ஒரு பிரிண்ட்டுக்கு எவ்வளவு ஆகும்"னுதான் கேக்கிறோம். கேக்க வேண்டியது "ஒரு நல்ல பிரிண்ட்டுக்கு எவ்வளவு ஆகும்" என்பதை. கணக்குக்காக ஒரு 4x6 தாள் 6 ரூபாய், இங்க் 4 ரூபாய்னு வச்சுக்குவோம். மொத்தம் 10 ரூபாய். மூணாவது முயற்சியிலதான் நிறம் சரியா வருதுன்னா அந்தப் படத்தோட உண்மையான விலை 30 ரூபாய். வருஷத்துக்கு 200 படம் போட்டா 2,000-ல முடிய வேண்டியது 6,000 ஆகுது. இந்த 4,000 ரூபாயை மலிவான இங்க் தேடிப் பிடிச்சு மிச்சம் பண்ண முடியாது.

முதல் விஷயம், பேப்பர் டைப். பிரிண்ட் விண்டோவுல இருக்கிற அந்த ஒரு கட்டத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுறதே இல்ல. பிரிண்டருக்குக் கண் கிடையாது. எவ்வளவு இங்க் கொட்டணும், எந்தக் கருப்பைப் பயன்படுத்தணும்னு அது முடிவு பண்றது நீங்க சொல்ற தாள் வகையை வச்சுத்தான். கிளாஸி தாளை உள்ள வச்சுட்டு "ப்ளைன் பேப்பர்"னு விட்டா இங்க் குறைவா விழும், படம் வெளிறிப்போகும். நாலு கலர் டேங்க் பிரிண்டர்கள் பலதுல கருப்பு மட்டும் பிக்மென்ட் இங்க். ப்ளைன் பேப்பர்னு சொன்னா அந்தக் கருப்பு கிளாஸி தாள் மேல விழும், விரலால தேய்ச்சா கையோட வந்துரும்.

நம்ம ஊர்க் கடையில கிடைக்கிற தாள் பாதிக்கு மேல பிரிண்டர் கம்பெனியோடது கிடையாது. அப்போ எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறது? தாளோட பின்பக்கத்தைத் தடவிப் பாருங்க. பிளாஸ்டிக் மாதிரி வழுவழுன்னு இருந்தா ரெசின் பூசின தாளா இருக்கும், நிறைய இங்க் தாங்கும். "பிரீமியம் கிளாஸி"யில ஆரம்பிக்கலாம். பின்பக்கம் சாதாரணக் காகிதம் மாதிரி இருந்தா அது மலிவு வகை. அதுக்கு ஒரு படி கீழ, "போட்டோ பேப்பர் கிளாஸி" மாதிரி ஒண்ணுல ஆரம்பிங்க. இங்க் குளம் கட்டி நின்னாலோ, ரொம்ப நேரம் ஈரமா இருந்தாலோ இன்னும் கீழ இறங்குங்க. ஜிஎஸ்எம் எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. அது தாளோட எடை, பூச்சோட தரம் இல்ல.

இப்போ என் தப்புக்கு வர்றேன். நிறத்தை மாத்துற வேலையை ஒருத்தர்தான் செய்யணும். ஒண்ணு, போட்டோஷாப் மாதிரி மென்பொருள். இல்லேன்னா, பிரிண்டர் டிரைவர். மென்பொருள் பக்கம் "போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்"னு கொடுத்து, தாளோட ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தா, டிரைவர் பக்கம் போய் கலர் திருத்தத்தை நிறுத்தியே ஆகணும். எப்சன்ல அதுக்குப் பேர் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்". நான் அதை நிறுத்தல. ஒரே குழம்புக்கு ரெண்டு பேர் உப்பு போட்ட கதைதான், பாட்டி முகம் செங்கல் ஆனது அப்படித்தான்.

அது என்ன ப்ரொஃபைல்? ஒரு பிரிண்டர், ஒரு இங்க், ஒரு தாள், இந்த மூணும் சேர்ந்தா நிறம் எப்படி வரும்னு அளந்து எழுதி வச்ச சின்ன ஃபைல். 1993-ல அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஆரம்பிச்ச ஐசிசி அமைப்போட ஏற்பாடு இது. மூணுல ஒண்ணு மாறினாலும் அந்த அளவு செல்லாது. கம்பெனி ப்ரொஃபைலைப் போட்டுக்கிட்டு, வேற கம்பெனி இங்க்கை ஊத்திட்டு, நிறம் வரலியேன்னு திட்டுறதுல அர்த்தம் இல்ல. மலிவு இங்க் வாங்கக் கூடாதுன்னு சொல்லல. வாங்குனா மாத்தாம ஒரே இங்க்ல நில்லுங்க. தாளும் அப்படித்தான். மாசத்துக்கு ஒரு பிராண்ட்னு ஆஃபர் பார்த்து மாத்துறவங்க ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தாளை வீணாக்குறாங்க.

என் கருத்து இதுதான்: வீட்டு உபயோகத்துக்கு ப்ரொஃபைல் எடுக்கிற அளவீட்டுக் கருவியெல்லாம் வாங்காதீங்க. உங்க தாளுக்கு ப்ரொஃபைல் இல்லேன்னா, படத்தை எஸ்ஆர்ஜிபி-யில சேவ் பண்ணி, கலர் பொறுப்பை டிரைவர்கிட்டயே விட்டுட்டு, பேப்பர் டைப்பை மட்டும் சோதிச்சுக் கண்டுபிடிங்க. பத்துல எட்டு வீட்டுக்கு இது போதும்னு நான் நினைக்கிறேன். பிரிண்ட் போட்டு விக்கிறவங்க கதை வேற. அவங்க ஒரே ஒரு தாளுக்கு, தெரிஞ்சவங்ககிட்ட காசு கொடுத்து ஒரு தடவை ப்ரொஃபைல் எடுத்துக்கலாம்.

சோதனைக்கு முழுத் தாள் வேண்டாம். படத்தைச் சின்னதா, ஒரு பட்டை மாதிரி, ஏ4 தாளோட தலைப்பக்கம் ஒரு செட்டிங்ல போடுங்க. காய்ஞ்சதும் தாளைத் திருப்பி வச்சு அடிப்பக்கம் வேற செட்டிங்ல போடுங்க. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் செட்டிங் பெயரை எழுதிருங்க. ராத்திரி எல்இடி வெளிச்சத்துல பார்க்காம காலையில ஜன்னலோரம் வச்சுப் பாருங்க. இருட்டா வருதுன்னா முதல் சந்தேகம் உங்க திரை மேல வரட்டும். வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சுட்டு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்க. என்னோட மூணாவது தாள் அதனாலதான் போச்சு.

சோதிக்க நெட்ல கிடைக்கிற படத்தை எடுக்காதீங்க, வீட்டு ஆளுங்க முகத்தை எடுங்க. கோடாக் ஒரு காலத்துல லேப்களுக்கு நிறம் பார்க்க அனுப்பின "ஷெர்லி கார்டு"ல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு பல வருஷம் ஓடுச்சு. நம்ம வீட்டுக்கு அளவுகோல் நம்ம பாட்டி முகம்தான்.

கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு செலவும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல திறந்து வச்ச தாள் சுருளும், இங்க் பரவும். தாளை ஜிப் கவர்ல போட்டு வைங்க. வாரம் ஒரு கலர் பக்கமாவது போடுங்க. மாசக்கணக்குல சும்மா விட்டா நோசில் அடைக்கும். அப்புறம் பண்ற ஒவ்வொரு ஹெட் கிளீனிங்கும் உங்க காசு கொடுத்த இங்க்கை நேரா கழிவுப் பஞ்சுக்கு அனுப்புறதுதான்.

இதையெல்லாம் படிச்சுட்டு பிரிண்டர் ஆர்டர் போட ஓடுறதுக்கு முன்னாடி இன்னொரு கணக்கு. 20,000 ரூபாய் பிரிண்டர் அஞ்சு வருஷம் உழைக்கும்னு வச்சா வருஷத்துக்கு 4,000. வருஷம் 100 படம்தான் போடுவீங்கன்னா, தாளும் இங்க்கும் சேராமலே படத்துக்கு 40 ரூபாய். 1,000 படம் போட்டா 4 ரூபாய். நம்ம ஊர் என்ஐடி பக்கம் கடை வச்சு, ஒரு 4x6 தாள்ல 35x45 மில்லிமீட்டர் படம் எட்டு அடிச்சுக் கொடுக்கிறவருக்கு இது லாபம். தீபாவளி, பொங்கல், ஒரு கல்யாணம்னு வருஷத்துக்கு அம்பது படம் எடுக்கிற வீட்டுக்கு காரைக்கால் பஸ் டிக்கெட்டையும் சேர்த்தாக்கூட ஸ்டுடியோதான் மலிவு. என் பிரிண்டர் இப்போ பிள்ளைங்களோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குத்தான் ஓடுது. பாட்டி படம், ஸ்டுடியோவுல போட்டது, ஹால்ல மாட்டியிருக்கு.